நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறதா?

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு நோயில்பூசுதல் கொடுத்துவிட்டு வெளியே வரும்போது, உறவினர்கள் நம்மிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சாமி, நாங்க பேசுறது அம்மாவுக்குக் கேக்குமா?" கண்கள் திறந்திருக்கும். தூக்கமும் விழிப்பும் மாறி மாறி வரும். கூப்பிட்டால் மட்டும் பதில் இருக்காது. மருத்துவ நூல்கள் இதைத் 'தாவர நிலை' என்கின்றன. திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் 2004 மார்ச்சில் மருத்துவர்களிடையே பேசியபோது, மனிதர் எந்நிலையிலும் மனிதரே, அவர் ஒருபோதும் தாவரமாகவோ விலங்காகவோ ஆவதில்லை என்று இப்பெயரைக் கண்டித்தார்.

உறவினர் கேட்கும் அதே கேள்வியை மூளை அறிவியலாளர்களும் கேட்டார்கள். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் ஓவன் குழுவினர், சாலை விபத்துக்குப் பின் ஐந்து மாதங்களாக எந்த அசைவாலும் பதில் தராத 23 வயதுப் பெண்ணை எஃப்.எம்.ஆர்.ஐ. கருவியில் படுக்கவைத்தனர். "டென்னிஸ் விளையாடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்" என்றனர். மூளையில் உடலசைவைத் திட்டமிடும் பகுதி சுறுசுறுப்பாயிற்று. "உங்கள் வீட்டு அறைகளில் நடப்பதாக நினையுங்கள்" என்றனர். இடங்களை நினைவில் வைக்கும் பகுதிகள் இயங்கின. நலமாக இருப்பவரின் மூளை செய்வதும் இதுவே. சொல் காதில் விழுந்ததும் மூளை தானாகத் துடித்திருக்கலாமே என்று சிலர் மறுத்தனர். ஆனால் அந்த இயக்கம் ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் நீடித்தது. 2006-இல் வெளியான இந்த ஆய்வு மருத்துவ உலகை உலுக்கியது.

சரி, மூளையில் எது நடந்தால் அது சுயநினைவு ஆகிறது? இங்கேதான் சண்டை. பெர்னார்ட் பார்ஸ் 1988-இல் முன்வைத்து, பிறகு ஸ்தனிஸ்லாஸ் தெஹேன் வளர்த்த கொள்கைப்படி, ஒரு செய்தி மூளை முழுவதற்கும் ஒலிபரப்பாகும்போதே நாம் அதை உணர்கிறோம். முன்மூளைக்கு இதில் பெரிய பங்கு. ஜூலியோ தொனோனியோ, பகுதிகள் ஒன்றோடொன்று எவ்வளவு பின்னிப் பிணைந்துள்ளன என்பதே சுயநினைவு என்கிறார். அவர் கைகாட்டுவது பின்மூளையை. இரு தரப்பாரும் தங்கள் கணிப்புகளை முன்கூட்டியே எழுதிவைத்து, 256 பேரிடம் சோதிக்க ஒப்புக்கொண்டது பாராட்டத்தக்கது. (நம் பங்குப் பேரவைகளில் இப்படி ஓர் ஒப்பந்தம் நடந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!) முடிவு 2025-இல் வந்தது. இரு கொள்கைகளின் முக்கியக் கணிப்புகளில் சில பொய்த்தன. எவரும் வெல்லவில்லை.

எனினும் தொனோனியின் கொள்கையிலிருந்து பயனுள்ள சோதனை ஒன்று பிறந்தது. கோயில் மணியை ஒருமுறை தட்டிவிட்டு ஒலியைக் கேட்பது போல, தலையின்மேல் ஒரு காந்தத் துடிப்பைச் செலுத்தி, மூளையில் எழும் எதிரொலியை இ.இ.ஜி. கருவியால் பதிவு செய்கிறார்கள். விழித்திருப்பவரிடம் அது பல பகுதிகளுக்கும் பரவிப் பலவிதமாக மாறுகிறது. ஆழ்ந்த உறக்கத்திலோ சீக்கிரம் அடங்கிவிடுகிறது. நோயாளி எதையும் செய்ய வேண்டியதில்லை என்பதே இதன் சிறப்பு.

2024-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று நம்மை அதிகம் சிந்திக்க வைத்தது. கட்டளைகளுக்கு எந்தப் பதிலும் காட்டாத 241 நோயாளிகளில் 60 பேர், அதாவது நான்கில் ஒருவர், சொன்னதை மனத்துக்குள் செய்ததைக் கருவிகள் காட்டின. அதே ஆய்வில், படுக்கையருகே சொன்னதை வெளிப்படையாகவே செய்துகாட்டிய 112 பேரில், கருவி கண்டுபிடித்தது 38 விழுக்காட்டினரை மட்டுமே. ஆகவே கருவி 'ஆம்' என்றால் நம்பலாம். 'இல்லை' என்றால் அது முடிவல்ல.

இத்தகைய சோதனைகள் பெரும்பாலான மருத்துவமனைகளில் கிடையாது. அதனால் அந்தப் பிள்ளைகளிடம் நாம் சொல்வது இதுதான்: கேட்காது என்று சொல்ல யாரிடமும் ஆதாரமில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், வீட்டுச் செய்திகளைச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது, வீடு யாருக்கு என்ற பேச்சை மட்டும் வராந்தாவுக்குக் கொண்டு போங்கள்.