மேயர் ஐயாவின் ஒரு வாரம்

கண்டி டவுனுக்கு வருசத்துக்கு ஒரு தடவையாவது போகாத தோட்டக் குடும்பம் குறைவு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம், தீபாவளிக்குத் துணிமணி எடுக்கப் போவோம், பிள்ளைகளை வாவிக்கரையில் நிறுத்தி மீனைக் காட்டுவோம். அப்படிப் போகிற நாளில் எங்கேயாவது பந்தல் போட்டு, மாலை வாங்கி வைத்து, ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள். "என்னா விசேசம்?" என்று கேட்டால், "மேயர் வாறாரு" என்று பதில் வரும். இந்த மேயர் யார், வாரம் பூராவும் இப்படி விழாவுக்கு விழா போய்க்கொண்டிருப்பது தான் அவர் வேலையா, அவரால் நமக்கு ஆகக்கூடிய காரியம் ஏதும் உண்டா? இதை நம் தோட்டத்து மக்களுக்கு விளங்கும்படி சொல்லலாம் என்று நினைக்கிறோம்.

மேயர் என்பவரைத் தமிழில் மாநகர முதல்வர் என்று எழுதுவார்கள். கண்டி மாநகர சபை 1865ஆம் ஆண்டு கொண்டுவந்த சட்டத்தின் கீழ் அமைந்த பழைய சபை. தொடக்கத்தில் மக்கள் தெரிவு செய்த தலைவர் கிடையாது. அரசாங்க ஏஜண்டாக இருந்த வெள்ளைக்காரத் துரையே சபைக்கும் தலைவர். சுமார் எழுபது வருசத்துக்கு மேல் இப்படியே நடந்து, 1939இல் தான் தெரிவு செய்யப்பட்ட முதலாவது மேயராகச் சேர் குடா ரத்வத்தை வந்தார். பின்னாளில் கண்டி மேயராக இருந்தவர்களில் ஈ. எல். சேனாநாயக்க, 1983இல் பாராளுமன்ற சபாநாயகராகவும் ஆனார். மேயர் நாற்காலி பெரிய அரசியலுக்கு ஏணியாக இருந்ததுண்டு என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

அந்த 1939ஆம் வருசத்தை நம்மவர்கள் இன்னொரு காரணத்துக்காக ஞாபகம் வைத்திருக்க வேண்டும். கண்டி நகரத்தார் தங்களுக்கென்று ஒரு மேயரைப் பெற்ற காலத்திலே, தோட்டத்து லயத்தில் குடியிருந்த இந்தியத் தொழிலாளிக்குக் கிராமச் சபை வாக்கு மறுக்கப்பட்டிருந்தது. அந்த மாதிரிக் குறைகள் முற்றிய நேரத்தில் ஜவஹர்லால் நேரு இலங்கைக்கு வந்தார். அந்த வருசமே இலங்கை இந்திய காங்கிரஸ் உண்டானது. உள்ளூர்ச் சபை என்பது நமக்குச் சும்மா வந்த சங்கதி அல்ல.

சரி, வாரத்துக்கு வருவோம். கண்டி போன்ற ஊரில் மேயருக்கு வரும் அழைப்புகளை எண்ணிப் பார்த்தால் ஒரு ஆளால் முடியுமா என்று தோன்றும். பாடசாலை விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு, முதியோர் இல்லத்தில் மதிய சாப்பாடு, இரத்ததான முகாம், டெங்கு ஒழிப்புச் சிரமதானம், கோவில் திருவிழா, நோன்பு திறக்கும் இப்தார், நத்தார் ஒன்றுகூடல் எல்லாவற்றுக்கும் ஆள் தேடி வருவார்கள். வெசாக் வந்தால் தன்சல் திறந்து வைக்க வேண்டும். ஒக்டோபர் முதலாம் தேதி நம் நாட்டில் சிறுவர் தினமும் முதியோர் தினமும் ஒரே நாளில் வரும். அன்று காலையில் பிள்ளைகளோடும் மத்தியானம் தாத்தா பாட்டிகளோடும் இருக்க வேண்டியதுதான். அந்த மாதமே வாசிப்பு மாதம் என்பதால் வாசிகசாலைக் கூட்டங்களும் சேரும். எசல பெரஹெரா வந்தாலோ, லட்சக்கணக்கான சனம் வந்து போகிற ஊரில் தண்ணீர், மலசலகூடம், குப்பை எல்லாம் மாநகர சபையின் தலையில். அந்த நாட்களில் மேயர் மாலை போட்டுக்கொண்டு நிற்பதைவிட, விடிவதற்குள் வீதி கூட்டி முடிந்ததா என்று பார்ப்பது தான் பெரிய தொண்டு என்பது எங்கள் அபிப்பிராயம்.

இங்கிலாந்தில் பெரும்பாலான ஊர்களில் மேயருக்கு ஒரு வருசம் தான் பதவி. கழுத்தில் பெரிய சங்கிலி அணிந்துகொண்டு, அந்த வருசத்துக்கென்று ஒரு தருமக் காரியத்தைத் தெரிந்தெடுத்து அதற்கு நிதி சேர்ப்பார். நிர்வாகத்தை வேறு ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். நம் நாட்டு மேயர் அப்படி அல்ல. சட்டப்படி அவரே சபையின் நிறைவேற்றுத் தலைவர். அலுவலகக் காரியங்களை மாநகர ஆணையாளர் நடத்துவார். ஆகவே விழாவுக்குப் போகிற மேயர், திரும்பி வந்து கோப்பிலும் கையெழுத்து வைக்க வேண்டியவர்.

இங்கே தான் நாம் நிதானமாக விளங்கிக்கொள்ள வேண்டிய இடம். மேயர் ஒரு விழாவில் கொப்பி, புத்தகப்பை, உலர் உணவுப் பொதி கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சாமான் எங்கிருந்து வந்தது? மூன்று வழி இருக்கலாம். தன் சொந்தப் பணமாக இருக்கலாம். ஒரு கடை முதலாளியோ, சங்கமோ கொடுத்ததாக இருக்கலாம். அல்லது மாநகர சபையின் பணமாக இருக்கலாம். முதல் இரண்டும் கொடை. மூன்றாவது கொடை அல்ல, அது நகரத்து மக்களின் வரிப்பணம். சபை வருசா வருசம் வரவு செலவுத் திட்டம் போட்டு, உறுப்பினர்கள் வாக்களித்து ஒதுக்கினால் தான் அந்தப் பணத்தைத் தொடலாம். கணக்காய்வாளர் நாயகத்தின் ஆட்கள் வந்து கணக்கும் பார்ப்பார்கள். நம் ஆட்கள் மூன்றுக்கும் ஒரே மாதிரி கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். நன்றி சொல்வது நல்ல பழக்கம் தான், ஆனால் நம் உரிமைக்கு யாரும் கடன்பட வேண்டியதில்லை!

தனியார் கொடைக்குக் கண்டியிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கினால் கண்ணில் படுகிற மணிக்கூட்டுக் கோபுரம், விபத்தில் இறந்துபோன தன் மகனின் ஞாபகமாக ஹாஜி முகம்மது இஸ்மாயில் என்ற கொடையாளி கட்டிக் கொடுத்தது. 1950 டிசம்பரில் பிரதமர் டி. எஸ். சேனாநாயக்க திறந்து வைத்தார். இத்தனை வருசமாக எத்தனை பேர் அதைப் பார்த்து பஸ் நேரம் கணக்குப் போட்டிருப்பார்கள்.

கண்டி டவுனில் நம்மவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். மஹியாவைப் பக்கம் போனால் தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து நகர சுத்திகரிப்பு வேலைக்கென்று கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர் அங்கே இருக்கிறார்கள். நம் பாட்டன் பூட்டன் தேயிலைக்குப் போனார்கள், அவர்களுடைய பாட்டன் பூட்டன் விளக்குமாற்றை எடுத்தார்கள், அவ்வளவு தான் வித்தியாசம். லயத்து வாழ்க்கை இரண்டு பக்கமும் ஒன்றே. அவர்கள் நகர எல்லைக்குள் வாக்காளர்கள். மேயர் அவர்கள் வீட்டுப் பிள்ளைக்குப் புத்தகம் கொடுத்தால் சந்தோஷம் தான். கூரை, மலசலகூடம், காணி உறுதி என்று கேட்கும்போதும் அதே சிரிப்போடு கேட்கிறாரா என்பதைத் தான் பார்க்க வேண்டும்.

தோட்டத்தில் இருக்கிற நம் கதை வேறு. கண்டி மாவட்டம் சுமார் 1,940 சதுர கிலோமீற்றர், அதில் மாநகர சபையின் எல்லை சுமார் 28 சதுர கிலோமீற்றர் மட்டும். கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட, புசல்லாவை, மடுல்கலை, ரங்கலை எல்லாம் அந்த எல்லைக்கு வெளியே. அங்கே பாதை உடைந்தாலும், விளக்கு எரியாவிட்டாலும், கண்டி மேயரிடம் மகஜர் கொண்டுபோய்ப் பிரயோசனம் இல்லை. அவர் இரக்கப்பட்டாலும் சட்டம் இடம் கொடாது. நாம் போக வேண்டியது நம் பிரதேச சபைத் தவிசாளரிடம்.

பிரதேச சபையும் ரொம்ப காலம் "தோட்டம் தனியார் காணி, எங்களால் செலவு செய்ய முடியாது" என்று கையை விரித்தது. அது சும்மா சாக்கு என்று சொல்ல முடியாது, 1987ஆம் ஆண்டு பிரதேச சபைச் சட்டமே அதற்குத் தடையாக இருந்தது. நாம் வாக்குப் போடுவோம், உறுப்பினரும் நம் ஆளாக இருப்பார், ஆனால் லயத்துக்குப் போகிற பாதைக்கு ஒரு லோடு கல் போட வழி இல்லை. 2018இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, தோட்டப் பகுதிக்கும் சபைகள் சேவை செய்யலாம் என்று ஆக்கினார்கள். இந்தத் திருத்தம் வந்ததே நம்மில் பலருக்குத் தெரியாது. யாராவது இன்றைக்கும் பழைய பாட்டைப் பாடினால், "2018இல் சட்டம் திருந்தியாச்சுங்க ஐயா" என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று. 2023 மார்ச் மாதம் சபைகளின் காலம் முடிந்து, தேர்தலும் தள்ளிப்போய், 2025 மே 6ஆம் தேதி தான் வாக்கெடுப்பு நடந்தது. அந்த இரண்டு வருசத்துக்கு மேலான காலம் நாட்டில் அநேகமாக எல்லா ஊரிலும் மேயரும் இல்லை, தவிசாளரும் இல்லை. அதிகாரிகள் வேலையை நடத்தினார்கள், குப்பையும் அள்ளினார்கள். ஆனால் "ஏன் எங்க பக்கம் வரல்ல?" என்று முகத்துக்கு நேரே கேட்க ஒரு ஆள் இல்லை. விழாவுக்கு வருகிற மனிதரின் அருமை அவர் வராத காலத்தில் தான் தெரிந்தது. சென்னையில் மேயர் ஆர். பிரியா 2023இல் "மக்களைத் தேடி மேயர்" என்று ஒரு திட்டம் தொடங்கி, வட்டாரம் வட்டாரமாகப் போய் மனு வாங்கினார். மனிதர் மாலைக்கு வராமல் மனுவுக்கு வருகிற ஏற்பாடு அது. நமக்குப் பிடித்திருக்கிறது.

ஆகையால், அடுத்த தடவை தோட்டத்து முன்பள்ளி விழாவுக்கோ கோவில் திருவிழாவுக்கோ தவிசாளரையோ மேயரையோ அழைக்கும்போது, மாலைக்கும் சால்வைக்கும் சேர்க்கிற காசில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு ஒரு மகஜரைத் தயார் பண்ணுங்கள். ஒரு மகஜரில் ஒரு விசயம் போதும். பத்துக் குறையை ஒன்றாக எழுதினால் பத்தும் ஒரே கோப்பில் தூங்கும். எந்த டிவிசன், எந்தப் பாதை, எத்தனை குடும்பம், மழைக்காலத்தில் பிள்ளைகள் எப்படிப் போகிறார்கள் என்று எழுதுங்கள். தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பில் உரிமை இருக்கிறது. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கி வையுங்கள். மேடையில் கையில் கொடுத்தால் போட்டோ மட்டும் தான் மிஞ்சும், மறுநாள் அலுவலகத்திலும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும்.

பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, "எங்கள் மகஜருக்கு என்ன நடந்தது, இந்த வருசம் எங்கள் பகுதிக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள்?" என்று அந்தச் சபையின் தகவல் அதிகாரியிடம் எழுதிக் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். எந்த அலுவலகத்துக்குப் போவது என்று குழப்பமாக இருந்தால், அரசாங்கத் தகவல் நிலையத்துக்கு 1919 என்ற இலக்கத்தில் தமிழிலேயே பேசி விசாரிக்கலாம். மக்கள் சந்திப்பு நாள் எது என்பதையும் முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு பஸ் ஏறுங்கள். ஒரு நாள் பேர் விட்டுப் போகிறோம், கதவு சாத்தியிருந்தால் அந்த நாள் சம்பளத்தை எந்தச் சபையும் தராது.