போத்தில் தொடரும் போதி

செஞ்சி வட்டாரத்தின் ஏரிக்கரைகளில் அரச மரம் உண்டு, அடியில் பிள்ளையாரும் நாகக்கல்லும் உண்டு. அரசைக் கண்டாலே பௌத்தத்தின் எச்சம் என்று சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு இந்த ஊர் இடம் தரவில்லை. இங்கே பாறைகள் சொல்வது சமணத்தை. திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் உருவங்களும், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டும் இருக்கின்றன. அரச வழிபாடோ புத்தருக்கும் முந்தியது. சிந்துவெளி முத்திரைகளிலேயே அரசிலை காணப்படுகிறது. அப்படியானால் இந்த மரத்துக்குப் பௌத்தம் புதிதாகக் கொடுத்தது என்ன? வம்சாவளியைத்தான் என்பேன். மற்ற மரபுகளுக்கு எந்த அரசும் புனிதம். பௌத்தருக்குப் புத்தகயையில் புத்தர் ஞானம் பெற்ற அந்த ஒரு மரமும், அதன் வழிவந்தவையும் தனிச் சிறப்புடையவை.

அசோகரின் மகள் சங்கமித்திரை அம்மரத்தின் தென்கிளையை இலங்கைக்குக் கொண்டுவந்ததாக அந்நாட்டின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம் கூறுகிறது. காலம் கி.மு. 3ஆம் நூற்றாண்டு. கரையிறங்கிய சம்புகோளம் யாழ்ப்பாணத்து மாதகல் அருகே உள்ளது. கிளை அநுராதபுரத்தில் வேரூன்றியபின் அதிலிருந்து வந்த முதல் எட்டுக் கன்றுகளில் ஒன்று அதே சம்புகோளத்திலும், ஒன்று கதிர்காமத்திலும் நடப்பட்டனவாம். தமிழர் கால்படும் இந்த இரண்டு இடங்களும் அந்தப் பட்டியலில் இருப்பது நாம் மறக்கக் கூடாத செய்தி. நிகழ்ச்சிக்குப் பல நூற்றாண்டுகள் கழித்துப் பிக்குகள் எழுதியதை எப்படி நம்புவது என்று கேட்கலாம். அற்புதங்களை நம்ப வேண்டியதில்லை. ஆனால் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அநுராதபுரம் வந்த சீனத் துறவி பாகியான், இந்தியாவிலிருந்து வந்த கன்று வளர்ந்து மரமாகி, சாய்ந்து, முட்டுக்கொடுக்கப்பட்டு நின்றதை எழுதியிருக்கிறார். இன்றும் அதன் கிளைகளைத் தாங்குகோல்கள்தான் ஏந்துகின்றன.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. கயையின் மரம் 1876இல் விழுந்துவிட்டது. இன்று நிற்பது தொல்லியலாளர் அலெக்சாண்டர் கன்னிங்காம் காலத்தில் நட்டது. பிறகு அது எப்படி அதே மரமாகும்? உழவரைக் கேட்டால் பாதி விடை கிடைக்கும். போத்து வெட்டி நட்டால் வளர்வது தாய்மரத்தின் உடலேதான். அநுராதபுரத்து மரம் கிளையிலிருந்து வந்தது என்பதே மரபு. கயையில் நடந்தது வேறு. விழுந்த மரத்தின் வாரிசுக் கன்றுகள் முன்பே தயாராக இருந்ததாகக் கன்னிங்காம் எழுதினார். அது பிள்ளை, தாயல்ல. ஆனாலும் மரம் பட்டுப்போகும் என்று தெரிந்தே கன்றுகளைப் பல ஊர்களில் வளர்த்த மரபு இது. அடிமரத்தின் வயதை மட்டும் வைத்து அதை அளப்பது முறையாகாது. 1931இல் சாரநாத்தின் புதிய விகாரைக்கு இலங்கைப் பௌத்த மறுமலர்ச்சியாளர் அநகாரிக தர்மபாலர் கன்று தேடியபோது, அநுராதபுரத்திலிருந்துதான் அது இந்தியாவுக்கு வந்தது.