கையை இறுக்கினால் இதயம் தப்புமா?

இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை மேல்கையில் சுற்றிக் காற்றடிக்கிறார்கள். அளவு 200-ஐத் தொடுகிறது. உடனே காற்றை இறக்காமல் ஐந்து நிமிடம் அப்படியே விடுகிறார்கள். கை வெளிறுகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. திறந்துவிட்டதும் இரத்தம் பாய்ந்து உள்ளங்கை சிவக்கிறது. ஐந்து நிமிட ஓய்வு, மறுபடி இறுக்கம். இப்படி நான்கு முறை. நோயாளிக்கு வந்திருப்பது மாரடைப்பு. சிகிச்சை நடப்பதோ கையில்!

இந்த விசித்திரத்தின் வேர், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மரி, ஜென்னிங்ஸ், ரைமர் மூவரும் 1986-இல் வெளியிட்ட ஆய்வு. நாய்களின் இதயத் தமனி ஒன்றை ஐந்தைந்து நிமிடமாக நான்கு முறை அடைத்துத் திறந்தார்கள். பிறகு தொடர்ந்து 40 நிமிடம் அடைத்தார்கள். இந்தப் பழக்கம் இல்லாத இதயங்களில் செத்த தசையில் ஏறக்குறைய கால்பங்குதான் இவற்றில் செத்திருந்தது. சிறு பட்டினிகள் பெரும் பட்டினியைத் தாங்கக் கற்றுக்கொடுத்திருந்தன.

ஒரு தமனியை அடைத்துத் திறந்தால், வேறு தமனியை நம்பியிருக்கும் இதயத் தசைக்கும் காப்பு கிடைப்பது 1993-இல் தெரிந்தது. அப்படியானால் கையையே அடைத்தால் என்ன? கையில் எழும் செய்தி நரம்பு வழியாகவும் இரத்தம் வழியாகவும் இதயத்தை எட்டுகிறது. அடைப்பு நீங்கித் திடீரெனப் பாயும் இரத்தமே சில செல்களைக் கொன்றுவிடும். கையிலிருந்து போகும் செய்தி அந்தச் சேதத்தைக் குறைக்கலாம் என்பது நம்பிக்கை. டென்மார்க்கில் ஆம்புலன்சிலேயே பட்டையைக் கட்டிப் பார்த்தார்கள். கூடுதல் தசை பிழைத்ததாக 2010-இல் முடிவு வந்தது.

ஆனால் பெரிய சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது. பிரிட்டன், டென்மார்க், ஸ்பெயின், செர்பியா நாடுகளில் 5,401 நோயாளிகள் பங்கேற்ற ஆய்வு 2019-இல் வெளியானது. ஓராண்டுக்குள் இதய நோயால் இறந்தவர்களும் இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்ந்தவர்களும், பட்டை கட்டியவர்களில் 9.4 சதவீதம், கட்டாதவர்களில் 8.6 சதவீதம். பலன் இல்லை என்பதே தீர்ப்பு.

காரணம் என்னவாக இருக்கலாம்? ஆய்வுக்கூட விலங்கு இளமையானது, ஆரோக்கியமானது. நோயாளிக்கோ வயது கூடியிருக்கும்; சர்க்கரையும் இருக்கக்கூடும். போதாக்குறைக்கு, அடைப்பை விரைவாகத் திறக்கும் ஸ்டென்ட் சிகிச்சையும் மருந்துகளும் ஏற்கெனவே பெரும்பகுதி தசையைக் காப்பாற்றிவிடுகின்றன. பட்டைக்கு மிச்சமிருக்கும் வேலை கொஞ்சம்தான்.

ஆகவே நெஞ்சு வலித்தால் கையை இறுக்கிக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டாம். ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். அடைப்பைச் சீக்கிரம் திறப்பதுதான் இதயத்தைக் காப்பாற்றுகிறது.