கணணி காட்டும் வேகம் மெய்யான வேகமா?

பாவித்த கணணி வாங்கும் வியாபார நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பதுண்டு: "நானா, விண்டோஸில் பார்த்தேன், 3.00 கிகாஹேர்ட்ஸ் என்று இருக்கிறது. அது போதும்தானே?" போதாது என்பதே எனது பதில். ஏனென்று சொல்கிறேன்.

புரொசெசரின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கமாகும். இன்டெல் கோர் 2 டுவோ ஈ8400 வகையில் 333 மெகாஹேர்ட்ஸை 9ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 3,000 வரும். பயோஸில் 333ஐ 400 ஆக்கினால் அதே புரொசெசர் 3,600இல் ஓடும். இதைத்தான் ஓவர்க்ளொக் என்கிறார்கள்.

விண்டோஸ் முதலில் காட்டுவது புரொசெசரின் பெயரை. தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்ட அந்தப் பெயரில் "3.00" என்பதும் சேர்ந்திருக்கும். எவ்வளவு கூட்டினாலும் அது மாறாது. பெட்டியில் ஒட்டிய லேபல் போன்றது அது.

பக்கத்தில் வரும் இரண்டாவது எண், விண்டோஸ் தானாக அளந்தது. பழைய எக்ஸ்பியில் பெயர் 3.00 என்றும் அளவு 3.60 என்றும் இருந்தால் விடயம் வெளிச்சம். ஆனால் அந்த அளவும் பிழைக்கலாம். புரொசெசருக்குள் இருக்கும் ஓர் எண்ணியைக் கொண்டே அது அளக்கப்படுகிறது. 2008இல் வந்த இன்டெல் கோர் ஐ7 முதல் அந்த எண்ணி, பெருக்கெண்ணைக் கூட்டினாலும் ஒரே சீராக ஓடும். ஆகவே பழைய வேகமே திரையில் தெரியக்கூடும்.

நேரத்தைக் காட்டும் கடிகாரமே தவறிய சம்பவமும் உண்டு. விண்டோஸ் 8 ஓடிக்கொண்டிருக்கையில் அடிப்படை வேகத்தை மாற்றினால், பல கணணிகளில் அதன் கடிகாரம் பிந்தியது அல்லது முந்தியது. இதனால் 2013 ஆகஸ்டில், ஓவர்க்ளொக் போட்டிகளைப் பதிவு செய்யும் எச்.டபிள்யூ.பொட் அமைப்பு விண்டோஸ் 8 முடிவுகளை நிராகரித்தது. தராசே பிழையென்றால் நிறுவை எப்படிச் சரியாகும்?

இதில் நமக்கென்ன நட்டம்? ஓவர்க்ளொக் செய்த புரொசெசர் கூடுதல் சூடாகும், மின்சாரமும் கூட இழுக்கும். எல்லை மீறினால் கணணி இடையில் நின்றுவிடும், ஃபைல்களும் பழுதாகலாம். கடன் கணக்கும் ஸ்டொக் கணக்கும் அதில் இருந்தால் என்னவாகும் என்று யோசியுங்கள். அதற்குமேல், 3.00 பொருளுக்கு 3.60இன் விலையும் கொடுத்திருப்பீர்கள்.

எனவே வாங்குமுன் நான்கு வேலை செய்யுங்கள். பெயரிலுள்ள மொடல் இலக்கத்தைத் தயாரிப்பாளரின் விபரத்தோடு ஒப்பிடுங்கள். பயோஸைத் தொழிற்சாலை அமைப்புக்கு மாற்றச் சொல்லுங்கள். இலவசமான சீபீயூ-இசட் மென்பொருளை ஓடவிட்டு, கணணிக்கு வேலை கொடுத்தபடி வேகத்தைப் பாருங்கள். சும்மா இருக்கையில் வேகம் குறைவதும், புதிய வகைகளில் டர்போவினால் சற்றுக் கூடுவதும் வழமை, அதை வைத்து விற்பவரைச் சந்தேகிக்க வேண்டாம். கடைசியாக, பற்றுச்சீட்டில் வேகத்தை மட்டுமல்ல, மொடல் இலக்கத்தையும் எழுதி வாங்குங்கள். பிறகு தகராறு வந்தால் பேசப்போவது அந்தச் சீட்டுத்தான்.