கட்டடத் தொழில் பயிலும் இளைஞரும் மனத்துயரும்

கட்டடத் தொழிலில் உடலுக்கு நேரும் தீங்கை எவரும் மறைப்பதில்லை. சாரத்திலிருந்து வழுக்கி விழுந்தவனை நால்வர் ஓடிவந்து தூக்குவர். மனந் தளர்ந்தவனோ தன் தளர்ச்சியைத் தானே மூடி வைக்கின்றான். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலக் கட்டடத் தொழிலாளர் பற்றி, கிரிபித் பல்கலைக்கழக ஆய்வாளர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை இதன் விளைவைக் காட்டிற்று. தற்கொலையால் மாண்டோருள் இளைஞர் பலர் இருந்தமை அத்தொழிலாரைத் திடுக்கிடச் செய்தது.

தொழில் பயிலும் இளைஞனின் நிலையை எண்ணினால் காரணம் ஓரளவு புலனாகும். பாடசாலையை விட்டு வருபவன், தச்சனாகத் தேறுவதற்கு ஏறத்தாழ 4 ஆண்டுகள் பயில வேண்டும். ஊதியம் குறைவு. ஒரு கட்டடம் முடிந்ததும் பழகிய முகங்கள் பிரிந்துவிடும். இவற்றோடு, புதியவனைக் கேலி செய்யும் வழக்கமும் உண்டு. கோடுபோட்ட வர்ணம் ஒரு வாளி வாங்கிவரும்படி அவனை அனுப்பி, வெறுங்கையோடு திரும்புகையில் கூடிநின்று நகைப்பர். ஒரு நாளைக்கெனில் விளையாட்டுத்தான். நாள்தோறும் தொடருமாயின் அது கொடுமையே. தொழிலைக் கற்பிப்பவரும் தேர்ச்சிக்குக் கையொப்பமிடுபவரும் கேலி செய்பவரும் ஒருவரேயாயின், அவன் தன் துயரை யாரிடம் சொல்வான்?

தொழிற்சங்கத்தாரும் முதலாளிமாரும் சேர்ந்து 2008இல் அங்கு தொடங்கிய 'மேட்ஸ் இன் கன்ஸ்ட்ரக்ஷன்' என்னும் அமைப்பு, அவன் மருத்துவரைத் தேடிச் செல்லட்டும் என்று காத்திராது, வேலைத்தளத்திற்கே சென்றது. தொழிலாளர் யாவருக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேர விளக்கம் அளிக்கப்படுகின்றது. முன்வரும் சிலருக்கு மேலும் பயிற்சி உண்டு. தலைக்கவசத்தில் ஒட்டிய சிறு அடையாளத்தாள் அச்சிலரை இனங்காட்டும். அவர் மருத்துவரல்லர், உடன் வேலைசெய்யும் மேசனோ மின்தொழிலாளியோதான். மதிய உணவு வேளையில் ஒதுங்கியிருப்பவனையும், திடீரெனக் குடியில் ஆழ்பவனையும் கண்டு, அருகமர்ந்து வினவுவதும், தக்க உதவியாளரிடம் சேர்ப்பிக்கும்வரை கைவிடாதிருப்பதுமே அவர் பணி.

உயிரை மாய்க்கும் எண்ணம் உண்டா என நேராகக் கேட்டால் அவ்வெண்ணத்தையே தூண்டிவிடலாம் என்று பலர் அஞ்சுவர். ஆராய்ச்சி இவ்வச்சத்தை ஆதரிக்கவில்லை. அவ்வாறு கேட்கப்படுவோர் பலர் ஆறுதலே அடைகின்றனர்.

இலங்கை நேயர்கள் அறியவேண்டியது ஒன்றுண்டு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டம் இந்நாட்டில் 1998இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆதலின் வாய்திறந்து சொல்வோர் சட்டத்திற்கு அஞ்ச வேண்டியதில்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தில், துயருறுவோர் மட்டுமன்றி, அவரைப் பற்றிக் கவலையுற்ற மேற்பார்வையாளரும் பேசலாம்.