யாருடைய கருணை?



யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ, அந்தத் தோழர் புற்றுநோயோடு படுத்திருந்த கடைசி மாதங்களில், பார்க்கப் போன நம்மிடம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: "என்னால வூட்டுக்குக் கடன் ஏறுது. எப்பப் போய்ச் சேருவேன்னு இருக்குது." நாம் பதில் சொல்லவில்லை. "அப்படியெல்லாம் பேசாதீங்கண்ணா" என்று அவர் கையைப் பிடித்துவிட்டு எழுந்து வந்தோம். அவர் கேட்டது சாவையா, வேறு எதையாவதா? அன்று கேட்டுக்கொள்ளாத இந்தக் கேள்வியைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறோம்.

கருணைக்கொலை என்ற ஒரு சொல்லுக்குள் பல செயல்கள் அடங்கிக் கிடக்கின்றன. ஊசி போட்டு உயிரை எடுப்பது ஒன்று. மீளவே வழியில்லாத நோயாளிக்குச் செயற்கைச் சுவாசம் போன்ற சிகிச்சையை நிறுத்திக்கொண்டு, சாவை அதன் போக்கில் வரவிடுவது இன்னொன்று. முதலாவது இந்தியாவில் குற்றம். இரண்டாவதற்கு நிபந்தனைகளோடு அனுமதி உண்டு.

அந்த அனுமதிக்குப் பின்னால் ஒரு பெண்ணின் வாழ்க்கை இருக்கிறது. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியராக இருந்த அருணா ஷான்பாக், 1973 நவம்பர் 27 அன்று அங்கேயே வேலைபார்த்த ஓர் ஊழியரால் நாய்ச் சங்கிலியால் கழுத்து இறுக்கப்பட்டு, பாலியல் வன்முறைக்கு ஆளானார். மூளை பாதிக்கப்பட்டு அதே மருத்துவமனையில் 42 ஆண்டுகள் கிடந்தார். அவருக்கு உணவு செலுத்துவதை நிறுத்தும்படி எழுத்தாளர் பிங்கி விரானி கேட்டார். உச்ச நீதிமன்றம் 2011 மார்ச் 7 அன்று அதை மறுத்தது. நாள்தோறும் பராமரிக்கும் செவிலியர்களும் மருத்துவர்களும்தான் அவர் சார்பில் பேசத் தகுந்தவர்கள், அவர்கள் அவர் வாழவேண்டும் என்கிறார்கள் என்றது. அதே தீர்ப்பில், உயர் நீதிமன்ற ஒப்புதலோடு சிகிச்சையை நிறுத்தலாம் என்ற வழியையும் திறந்துவிட்டது. அருணா 2015 மே 18 அன்று நிமோனியாவால் இறந்தார்.

2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு சாவதும் அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையில் அடக்கம் என்றது. நினைவு தப்பிப்போனால் எனக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். 2023இல் நடைமுறை எளிதாக்கப்பட்டது. இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் முன்னால் கையெழுத்திட்டால் போதும்.

சட்டம் இப்படி இருக்க, நம் மண்ணில் கருணை என்ற பெயரில் என்ன நடந்தது என்பதையும் பார்க்கவேண்டும். 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் விரிவாக்கப்பட்டது. பெண் சிசுக்களுக்கு எருக்கம்பால் கொடுத்த ஊர்கள் இங்கே இருந்ததுதான் காரணம். "பொறந்து கஷ்டப்படறதுக்குப் போறதே மேல்" என்று அன்று சொல்லப்பட்டதும் கருணையின் மொழிதான். தெற்கே விருதுநகர் பக்கம் படுக்கையில் விழுந்த முதியவர்களுக்குத் தலைக்கூத்தல் நடந்தது. 2010இல் தனக்கு அது நடக்கப்போகிறது என்று காதில் விழுந்த ஒரு பெரியவர் வீட்டைவிட்டுத் தப்பி ஓடினார் என்று செய்தி வந்தது. சிசுவை யாரும் கேட்கவில்லை, பெரியவரையும் கேட்கவில்லை. இவற்றைக் கொலை என்றே சொல்லவேண்டும். ஆனால், செய்தவர்கள் எல்லோரும் தங்களை இரக்கமுள்ளவர்கள் என்றே நம்பியிருக்கக்கூடும் என்பதுதான் நம்மை உறுத்துகிறது.

இனி அறக்கோட்பாடுகளிடம் வருவோம்.

பெந்தாம் வழிவந்த பயன்வாதம், எந்தச் செயல் மொத்தத் துன்பத்தைக் குறைக்கிறதோ அதுவே சரி என்கிறது. தாங்கமுடியாத வலியில் துடிப்பவரிடம் உயிர் புனிதமானது என்று உபதேசம் செய்வதைவிட இது நேர்மையானது. ஆனால் தராசின் ஒரு தட்டில் நோயாளியின் வலியையும் குடும்பத்தின் கடனையும் சேர்த்து வைத்தால், கடன் அதிகமுள்ள குடிசையில் சாவின் பக்கம் தட்டு சீக்கிரம் தாழ்ந்துவிடும். வசதியுள்ளவருக்கு அதே நோயில் வேறு கணக்கு வரும்.

காந்த் எதிர்ப்பக்கம் நிற்கிறார். பொருளுக்கு விலை உண்டு, மனிதருக்கு விலை கிடையாது, கண்ணியம்தான் உண்டு. எந்த மனிதரையும் வெறும் கருவியாக்கக் கூடாது என்பார். பிறப்பை வைத்து விலைகுறைக்கப்பட்ட நமக்கு இது நெருக்கமான பேச்சு. ஆனால் காந்த் தன்னுயிரை முடித்துக்கொள்வதையும் மறுத்தவர். வலிக்கு வழியே இல்லாதவரிடம் கடமையை மட்டும் பேசினால் அது கல்நெஞ்சாகிவிடும்.

மூன்றாவது, மில் பேசிய சுதந்திரம்: பிறருக்குத் தீங்கில்லாதவரை என் உடல்மேல் முடிவு என்னுடையது. இதை நாம் எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. எங்கே நடக்கலாம், எங்கே நீர் மொள்ளலாம், யாரைக் காதலிக்கலாம் என்று நம் உடல்மேல் பிறர் முடிவெடுத்த வரலாறு நமக்கு இருக்கிறது. 2012 நவம்பரில் நத்தம் காலனியின் வீடுகள் எரிந்ததும் அதற்காகத்தான். எனவே "வேண்டாம் இந்தச் சிகிச்சை" என்று சொல்லும் உரிமை நம்முடையதும்கூட. ஆனால் சுதந்திரமாக முடிவெடுக்க, எதிரில் இரண்டு வழியாவது இருக்கவேண்டுமே!

நான்காவது, 1980களில் கரோல் கில்லிகன் போன்றோர் முன்வைத்த பராமரிப்பு அறம். யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று அது கேட்கிறது. கே.இ.எம். செவிலியர்கள் ஒரு படுக்கைப் புண் வராமல் அருணாவைக் காத்தார்கள். அது பெரிய அறம். நாம் சேர்த்துக் கேட்கவேண்டியவை இரண்டு: அருணா அந்த மருத்துவமனைப் பெண்ணாக இல்லாமல் ஒரு கூலிப் பெண்ணாக இருந்திருந்தால் 42 ஆண்டு கட்டில் கிடைத்திருக்குமா? மலச்சட்டி எடுத்து, ரத்தம் துடைக்கும் ஒப்பந்தக் கூலி வேலையில் பெரும்பாலும் எந்தச் சாதியார் இருக்கிறார்கள்?

அண்ணல் அம்பேத்கர் நம்மை அழைத்துப்போன பௌத்தத்தில் இதற்கு ஒரு வெளிச்சம் உண்டு. விநய நூலில், வயிற்றுப்போக்கால் தன் கழிவிலேயே கிடந்த ஒரு பிக்குவை யாரும் கவனிக்கவில்லை. ஏன் என்று புத்தர் கேட்க, "நான் அவர்களுக்கு எந்த உபயோகமும் இல்லாதவன்" என்கிறார் அவர். புத்தரும் ஆனந்தரும் அவரைத் தங்கள் கையாலேயே கழுவிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். அதே விநயத்தில் மனித உயிரைப் பறிப்பது சங்கத்தைவிட்டே நீக்கும் குற்றம். சாவைப் புகழ்ந்து பேசிச் சாகத் தூண்டுவதும் அதே குற்றத்தில் அடங்கும். உபயோகமற்றவர் என்று ஒருவரை நம்பவைத்துவிட்டு, அவர் சாகக் கேட்கும்போது அதைச் சுயவிருப்பம் என்பது அந்தத் தூண்டுதலுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

நாம் சொல்ல வருவது இதுதான். இந்தக் கோட்பாடுகள் ஒவ்வொன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் எல்லோரும் சமமான படுக்கையில் கிடக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டே அவை பேசுகின்றன. அரசியலில் சமத்துவம், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் சமத்துவமின்மை என்ற முரண்பாட்டுக்குள் நுழைகிறோம் என்று 1949 நவம்பர் 25 அன்று அண்ணல் எச்சரித்தார். கண்ணியமாகச் சாகும் உரிமையும் அந்த முரண்பாட்டுக்குள்தான் வந்து சேர்ந்திருக்கிறது. ஆகவே எந்தக் கோட்பாட்டைப் பிடித்தாலும் முதலில் மூன்றைக் கேளுங்கள்: பேசுவது நோயாளியின் குரலா? வலி நீங்க வேறு வழி அவருக்குத் தரப்பட்டதா? அவர் சாவால் யாருடைய பாரம் குறைகிறது?

இரண்டாவது கேள்விக்கு மருத்துவத்திடம் பதில் இருக்கிறது. புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் மாத்திரை உண்டு, விலை குறைவு. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் உரிமக் கெடுபிடியால் அது நோயாளிக்கு எட்டாமல் இருந்தது. 2014இல் திருத்தம் வந்து வழி எளிதானது. 2021 ஆகஸ்டில் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', நோய் ஆதரவு சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவருவதாகச் சொல்கிறது. அது நம் காலனிகளுக்கும் மலைக் கிராமங்களுக்கும் வருகிறதா என்று பார்ப்பதும், வராவிட்டால் கேட்பதும் செயல்பாட்டாளர்களின் வேலை. முன்கூட்டிய உயில் எழுதுவது எப்படி என்று ஊரில் விளக்குவது மாணவர்களின் வேலையாகட்டும். வாழவும் வலியில்லாமலிருக்கவும் வழிசெய்த பிறகு, ஒருவர் "போதும், இந்த எந்திரத்தை எடுத்துவிடுங்கள்" என்றால், அந்தச் சொல்லை நாம் தலைவணங்கி ஏற்கவேண்டும்.

நம் தோழருக்குக் கடைசி மூன்று வாரங்கள் மார்ஃபின் கிடைத்தது. முதல் முறையாக ராத்திரி முழுக்கத் தூங்கினார். அதன்பிறகும் கடனைப் பற்றிப் பேசினார். போய்ச் சேருவதைப் பற்றிப் பேசவில்லை. வெந்நீர் கேட்டார், பேத்தியைக் கேட்டார், மன்றத்தின் அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டார். முதல் நாளே நாம் அவரிடம், "அண்ணா, ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டிருக்க வேண்டும்.

ஜெய் பீம்.