கொங்கைத் தேடினால் காங்கேயன் வருகிறான்: உரைக்கோப்புகளைத் தரவுத்தளத்தில் ஏற்றிய கதை

கொங்கு என்ற சொல் பழைய நூல்களில் எங்கெல்லாம் வருகிறது என்று பார்க்க ஆசைப்பட்டேன். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள், நண்பர்கள் கொடுத்தவை என்று சில நூறு உரைக்கோப்புகள் கையில் இருந்தன. பைதானில் ஒரு சின்ன நிரல் எழுதி எல்லாவற்றையும் எஸ்க்யூலைட்டில் ஏற்றினேன். தேடினால், எனக்கு மனப்பாடமான ஒரு பாட்டே வரவில்லை. அந்தப் பாட்டு தெரியாமல் இருந்திருந்தால் "இந்த நூலில் கொங்கு இல்லை" என்று குறிப்பே எழுதியிருப்பேன்.

கோளாறு நூலில் இல்லை, ஏற்றியதில்.

முதலில் குறியாக்கம். யூனிகோடு பரவுவதற்கு முன் தட்டச்சானவை பல திஸ்கியில் இருக்கும். யூடிஎஃப்-8 என்று திறந்தால் பைதான் பிழை சொல்லி நிற்கும். நான் அவசரத்தில் 'பிழையைக் கண்டுக்காதே' என்று கொடுத்திருந்தேன். எழுத்துகளைச் சத்தமில்லாமல் முழுங்கிவிட்டது. நிற்கட்டும், விடுங்க. அந்தக் கோப்பைத் தனியே ஒதுக்கி, ஓப்பன்-தமிழ் நிரலகத்தின் திஸ்கி மாற்றியில் போடலாம்.

அடுத்தது 'கொ'. ககரத்துக்குப் பின் ஒரே குறியாகவும் வரலாம். கொம்பு, கால் என்று இரண்டாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. ஏற்றும் உரை, தேடும் சொல் இரண்டையும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றணும்.

வேகத்துக்காக எஃப்டிஎஸ்5 முழு உரைத் தேடலைப் போட்டேன். இப்போது தலைகீழ்: வேண்டாததெல்லாம் வந்தது. அதன் இயல்பான சொல்பிரிப்பி எழுத்தையும் எண்ணையும் மட்டுமே சொல்லாக எடுக்கும். புள்ளி, கால், கொம்பு வந்தால் அங்கேயே வெட்டும். 'கொங்கு' என்பது க, ங, க ஆகிவிடும். 'காங்கேயன்' தொடங்குவதும் அப்படித்தானே! சொல்பிரிப்பியின் எழுத்து வகைகளில் 'எம்என்', 'எம்சி' இரண்டையும் சேர்த்ததும் சரியானது.

இன்னொன்று: கோப்புக்கோப்பாக கமிட் செய்யாதீங்க. வரிகளை விநாடிக்கு 50,000 கூடச் செருகலாம். சுழலும் வட்டில் பரிவர்த்தனை சில டஜன்தான் முடியும். எல்லாவற்றையும் ஒரே பரிவர்த்தனையில் போட்டால் வேகம். நடுவில் கரண்ட் போனாலும் பாதி ஏறிய தளம் மிஞ்சாது. தொண்டாமுத்தூரில் மழைக்காலத்தில் இது சின்ன விஷயமில்லை.

கடைசியாக, மூலக்கோப்பை மாற்றாமல் அப்படியே வைத்திருங்க. தெரிந்த பத்துப் பாட்டைத் தேடிப் பாருங்க. பத்தும் வந்த பிறகுதான் 'இல்லை' என்ற பதிலை நான் நம்புகிறேன்.